சோமனூர்ப் பாவில் சேலத்துக் கஞ்சி

காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் புடவை எடுத்துப் பழகியவர்களுக்குத் தீக்குச்சிச் சோதனை தெரிந்திருக்கும். பட்டு அசல்தானா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து இரண்டு இழையை உருவி நெருப்பில் காட்டுவார்கள். முடி கருகுகிற நாற்றத்தோடு எரிந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. காகிதம் எரிகிற வாசனை வந்தால் பருத்தி அல்லது ரேயான். உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகினால் பாலியஸ்டர். ஆய்வகம் எதுவும் தேவைப்படாத வேதியியல் இது. பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பட்டு ஒரு புரதம். நைட்ரஜன் கொண்ட அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. முடியும் புரதம்தான், அதனால்தான் நாற்றத்தில் உறவு தெரிகிறது. பருத்தியும் ரேயானும் செல்லுலோஸ். குளுக்கோஸ் சர்க்கரை ஆயிரக்கணக்கில் கோத்தது. காகிதமும் அதே செல்லுலோஸ் என்பதால் வாசனையும் அதே. பாலியஸ்டர் மட்டும் பெட்ரோலியத்திலிருந்து ஆலையில் கோத்த சங்கிலி. மூன்றுமே பாலிமர்கள், பாடப்புத்தகம் பலபடிகள் என்று சொல்பவை. முதல் இரண்டை உயிர்கள் கட்டின, மூன்றாவதை நாம் கட்டினோம்.

கொங்கு நாட்டின் தொழில்களை வரிசையாக எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கோவையின் ஸ்பின்னிங் மில்கள், சோமனூர், பல்லடம் தறிகள், சேலம், நாமக்கல் சேகோ ஆலைகள், பொள்ளாச்சி நார் மில்கள், உடுமலைப் பக்கத்துப் பட்டுக்கூடு, நாமக்கல் முட்டை, ஈரோட்டுத் தோல், கரூர் காகிதம். பம்ப்செட்டையும் வார்ப்படத்தையும் ஒதுக்கிவிட்டால், மிச்சமெல்லாம் செடியோ புழுவோ கோழியோ மாடோ கட்டிய பாலிமரை எடுத்துச் சுத்தம் செய்து விற்கிற வேலை. பஞ்சும் ஜவ்வரிசியும் ஒரே குளுக்கோஸில் ஆனவை என்றால், ஒன்றை உடுத்துகிறோம், மற்றதைப் பாயசம் வைக்கிறோம், ஏன்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் புரதம், டி.என்.ஏ. வரை போய்விடலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உயிர்ப் பாலிமர்களில் மதிப்பெல்லாம் இணைப்பிலும் வரிசையிலும் இருக்கிறது, சரக்கு எங்கும் மலிவு. நம் தொழில்கள் இதைக் கைப்பழக்கமாக அறிந்திருந்தன. கழிவு என்று வரும்போது மட்டும் மறந்துபோயின.

முதலில் சர்க்கரைச் சங்கிலிகள். பிரான்ஸில் ஆன்றி பிராக்கொன்னோ என்ற வேதியியலாளர் 1819-ல் லினன் கந்தலைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்துக் காட்டினார். துணிக்குள் சர்க்கரை இருப்பது அப்போதே தெரிந்துவிட்டது. 1838-ல் அன்செல்ம் பாயென் செடிகளின் சுவர்ப்பொருளைப் பிரித்துச் செல்லுலோஸ் என்று பெயர் வைத்தார். ஆனால் அது நீளமான ஒற்றை மூலக்கூறு என்பதை 1920-ல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் எழுதியபோது வேதியியல் உலகம் எளிதில் ஏற்கவில்லை. சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்திருக்கின்றன என்பதே அன்றைய பெரியவர்களின் நம்பிக்கை. ஸ்டாடிங்கருக்கு நோபல் பரிசு கிடைக்க 1953 ஆகிவிட்டது. கோவையில் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய ஆண்டு 1888. பாலிமர் என்ன என்று உலகம் ஒப்புக்கொள்ளும் முன்பே இந்த ஊர் இரண்டு தலைமுறையாக அதை நூற்றுக்கொண்டிருந்தது.

பருத்தி இழை ஒவ்வொன்றும் ஒரே ஒரு உயிரணு. விதையின் தோலில் முளைத்து, பூ மலர்ந்த நாளிலிருந்து ஏறக்குறைய மூன்று வாரம் நீண்டுகொண்டே போகும். பிறகு உள்பக்கமாகச் செல்லுலோஸைப் படலம் படலமாகச் சேர்த்துத் தடிக்கும். காய் வெடித்ததும் உலர்ந்து, தட்டையாகி முறுக்கிக்கொள்ளும். அந்த இயற்கை முறுக்குதான் இழைகள் ஒன்றையொன்று பற்றி நூலாக உதவுகிறது. உலர்ந்த பஞ்சில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ். ஒரு சங்கிலியில் பத்தாயிரம் குளுக்கோஸ் இருக்கும் என்று வைத்தால்கூட அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குதான். அப்படிப்பட்ட சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிக் கயிறாகின்றன.

ஜவ்வரிசிக்கும் இதற்கும் வேறுபாடு ஒரு மூட்டில் இருக்கிறது. குளுக்கோஸ் வளையத்தின் முதல் கார்பனில் உள்ள பிணைப்பு ஒரு பக்கம் திரும்பினால் ஆல்பா, மறுபக்கம் திரும்பினால் பீட்டா. ஒரே செங்கல்லில் வட்டக் கிணறும் கட்டலாம், நேர் மதிலும் கட்டலாம். ஆல்பா இணைப்பு வளைந்து சுருளாகிறது, ஸ்டார்ச். தண்ணீர் உள்ளே புகும், வேகும், செரிக்கும். பீட்டா இணைப்பு நேராகப் போகிறது, செல்லுலோஸ். தண்ணீரில் கரையாது, நம் வயிற்றில் அதை வெட்ட நொதியம் கிடையாது. மாட்டுக்கும் கிடையாது. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் வைக்கோலை உடைத்துக் கொடுக்கின்றன, அவ்வளவுதான்.

குச்சிக்கிழங்கு என்று நாம் சொல்லும் மரவள்ளியிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கும் தொழில் சேலத்தில் 1940-களில் வேரூன்றியது. 1981-ல் அங்கே சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கிழங்கை அரைத்து, பால் வடித்து, மாவு படியவைத்தபின் எஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அதிலும் கணிசமான ஸ்டார்ச் சிக்கிக் கிடக்கும். மாட்டுத் தீவனமாகப் போகிறது.

இப்போது சோமனூர்த் தறிக்கு வாருங்கள். தறியில் ஏறும் பாவு நூல் பண்ணைக்கம்பியிலும் அச்சிலும் ஓயாமல் உரசும். பச்சை நூலாக ஏற்றினால் அறுந்து அறுந்து தறி நிற்கும். அதனால் சைசிங் மில்லில் பாவுக்குக் கஞ்சி போடுகிறார்கள். மரவள்ளி மாவோ மக்காச்சோள மாவோ காய்ச்சிய கஞ்சி. ஸ்டார்ச் ஏன் பருத்தியோடு இவ்வளவு நன்றாக ஒட்டுகிறது? இரண்டுக்கும் உடம்பெல்லாம் ஹைட்ராக்சில் குழுக்கள், ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பாலியஸ்டர் நூலுக்கு வெறும் மாவுக் கஞ்சி போதாது, வேறு ரசாயனம் சேர்க்க வேண்டும். சொந்தக்காரன் சொந்தக்காரனோடு ஒட்டுகிறான்.

நெய்து முடிந்த துணியில் அந்தக் கஞ்சி இருந்தால் சாயம் ஏறாது. எடுத்தாக வேண்டும். அமிலத்தில் எடுத்தால் பருத்தியும் அடிபடும். இங்கே அமைலேஸ் என்ற நொதியம் வருகிறது. அது ஆல்பா இணைப்பை மட்டும் வெட்டும், பீட்டாவை ஏறெடுத்தும் பார்க்காது. ஸ்டார்ச் துண்டு துண்டாகி நீரோடு போய்விட, அதே சர்க்கரையில் ஆன துணி ஒரு சேதமும் இல்லாமல் நிற்கிறது. கஞ்சி போய்விட்டதா என்று பார்க்கத் துணியில் அயோடின் கரைசலைச் சொட்டுவார்கள். நீலம் ஓடினால் இன்னும் ஸ்டார்ச் இருக்கிறது. அதன் சுருளுக்குள் அயோடின் புகுந்துகொண்டதால் வந்த நிறம் அது. பிளஸ் டூ பாடத்தில் அரைப் பக்கத்தில் வரும் ஆல்பா, பீட்டா வேறுபாட்டை நம்பி ஒரு தொழில் தினமும் ஓடுகிறது. அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர் ஒரு சைசிங் மில்லைக் காட்டிவிட்டு நடத்தினால் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

திருப்பூரில் கதை மறுபக்கம் திரும்புகிறது. பனியன் துணியின் மேலுள்ள பஞ்சு முனைகளைச் சிரைத்து வழவழப்பாக்க ‘பயோ வாஷ்’ செய்கிறார்கள். அங்கே பயன்படுவது செல்லுலேஸ், பீட்டாவை வெட்டும் நொதியம். இதற்குப் பேர்போன பூஞ்சை டிரைக்கோடெர்மா ரீசி. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் துணிகளும் மக்கிப் போனதை ஆராயப் போய்க் கண்டெடுத்தது. துணிக்கு எதிரியாக வந்தவன் துணிக்கு மெருகேற்றுகிறவனாக வேலைக்குச் சேர்ந்தான். ஆனால் கணக்காக நிறுத்தாவிட்டால் பனியனே நைந்துவிடும். சூட்டை ஏற்றி நொதியத்தைச் செயலிழக்கச் செய்துதான் நிறுத்துகிறார்கள்.

சூடு ஏறினால் நொதியம் ஏன் சாகிறது? நாமக்கல் முட்டை ஏன் வெந்து இறுகுகிறதோ அதே காரணம். நொதியமும் முட்டையின் வெண்கருவும் புரதங்கள். வெண்கருவில் முதன்மையான ஓவால்புமின் 385 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. சூட்டில் சங்கிலி அறுவதில்லை, மடிப்புக் கலைகிறது. மடிப்புக் கலைந்த சங்கிலிகள் தாறுமாறாகப் பின்னிக்கொண்டு வெள்ளையாகின்றன. புரதத்துக்குத் தொழில் செய்யும் திறமை முழுதும் அந்த மடிப்பில் இருக்கிறது; எப்படி மடிய வேண்டும் என்பது வரிசையில் இருக்கிறது. செல்லுலோஸில் ஒரே உறுப்பு திரும்பத் திரும்ப வரும். புரதத்தில் இருபது வகை அமினோ அமிலங்கள், எதன் பின் எது என்பதில் ஒழுங்கு. பிரெடரிக் சாங்கர் இன்சுலினின் 51 அமினோ அமிலங்களின் வரிசையை 1955-ல் முழுவதுமாக நிறுவிய பிறகுதான் ஒவ்வொரு புரதத்துக்கும் மாறாத ஒரு வரிசை உண்டு என்பது உறுதியானது.

பட்டில் அந்த வரிசையைக் கண்ணால் பார்க்கலாம் என்றே சொல்வேன். பட்டுப்புழுவின் பைப்ரோயினில் கிளைசின், அலனின், செரின் மூன்றும் பெரும்பகுதியை நிரப்புகின்றன. கிளைசின் ஏறக்குறைய ஒன்று விட்டு ஒன்றாக வரும். கிளைசின்தான் இருபதிலும் மிகச் சிறியது. இடத்தை அடைக்காததால் சங்கிலிகள் தகடு தகடாக நெருங்கி அடுக்கி நிற்கின்றன. பட்டின் பலமும் பளபளப்பும் அந்த நெருக்கத்தின் விளைவு. புழு இதை மல்பெரி இலையைத் தின்று, தண்ணீரில், அறைச்சூட்டில் செய்கிறது. உடுமலைப் பக்கத்தில் வளர்க்கும் வெண்பட்டுக்கூடு ஒன்றில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இழை அறாமல் வரும். ஒரு கட்டுரையாளன் ஆச்சரியக்குறியைச் சேமித்து வைக்க வேண்டும் என்பார்கள். இங்கே செலவழிக்கலாம்.

கூட்டில் இன்னொரு புரதமும் உண்டு: செரிசின், இழைகளை ஒட்டும் பசை. கூட்டின் எடையில் நான்கில் ஒரு பங்கு வரை வரும். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சும்போது அது கரைந்து சாக்கடைக்குப் போகிறது. தோலுக்கு ஈரம் காக்கும் பொருளாக அழகுசாதனத் தொழில் விலை கொடுத்து வாங்கும் சரக்கு அது.

தோலும் எலும்பும் தசைநாரும் கொலாஜன். இந்தப் புரதத்தின் வடிவத்தை உலகுக்குச் சொன்னது சென்னை. 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்ற ஜி.என்.ராமச்சந்திரனுக்கு அப்போது முப்பது வயது. அந்த ஆண்டு வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னல், கொலாஜனின் வடிவம் இன்னும் தீரவில்லை என்று சொன்னதே தூண்டுதல். பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வால் தசைநார் கிடைத்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் 1954-லும் 1955-லும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்: மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய முப்புரி வடிவம், ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின். காரணம் பட்டில் பார்த்ததே. முப்புரியின் நடுவில் இடம் இல்லை. மிகச் சிறியதைத் தவிர வேறெதுவும் அங்கே நுழையாது. ஒரு கிளைசின் மாறிப் போனாலும் எலும்பு எளிதில் நொறுங்கும் பரம்பரை நோய் வரக்கூடும். 1963-ல் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று வரைந்த வரைபடம், இன்று உலகின் எந்த மூலையில் புதிய புரத வடிவம் வெளியானாலும் சரிபார்க்கப் பயன்படுகிறது. ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து மட்டுமல்ல, துறையில் பலரின் கருத்து.

புரதத்தின் அந்த வரிசையை எழுதி வைத்திருக்கும் பாலிமர் டி.என்.ஏ. நான்கே எழுத்து, மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம். நீளத்தில் இதற்கு இணை இல்லை. மனிதரின் முதல் குரோமோசோமில் உள்ள ஒற்றை டி.என்.ஏ. மூலக்கூறை நீட்டினால் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் வரும். எழுதியிருப்பதைப் படித்துப் புரதம் கோக்கும் ரைபோசோமின் வடிவத்தைக் கண்டதற்காக 2009-ல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

கோவைக்கு டி.என்.ஏ.வோடு உள்ள உறவு அதன் வடிவம் தெரிவதற்கு முன்பே தொடங்கியது. 1912-ல் இங்கே அமைந்த கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சி.ஏ.பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் இனிப்புக் கரும்பையும் காட்டு நாணலினக் கரும்பையும் கலந்து ‘கோ’ ரகங்களை உருவாக்கினார்கள். 1930-களில் ஜானகி அம்மாள் அங்கே கரும்பின் குரோமோசோம்களை எண்ணினார். வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருளை வெளியிட்டது 1953-ல். எழுத்தே தெரியாமல் புத்தகத்தைத் திருத்திய வேலை இது. திருத்தம் சரியாகவும் வந்தது.

பருத்தியிலும் அப்படியே. கம்போடியா பருத்தியின் வழிவந்த எம்.சி.யு. ரகங்கள், 1974-ல் கோவையிலிருந்து வெளியான சுவின். சுஜாதாவையும் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் கலந்த பெயர் அது. நூறு கவுண்டைத் தாண்டி நூற்கலாம். கவனிக்க வேண்டியது, சுவின் இழையிலும் நாட்டு ரகமான கருங்கண்ணியின் இழையிலும் இருப்பது அதே செல்லுலோஸ். டி.என்.ஏ. வரிசை மாறியபோது உயிரணு எவ்வளவு நாள் நீள வேண்டும் என்பது மாறியது, மில்லுக்கு விலை மாறியது. 2002-ல் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தியில் ஒரு பாக்டீரியாவின் வரிசை செடிக்குள் சேர்க்கப்பட்டது; செடி அதைப் படித்துக் காய்ப்புழுவுக்கு நஞ்சாகும் ஒரு புரதத்தைச் செய்தது. சில ஆண்டுகளில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதைத் தாங்கப் பழகியது. புழுவுக்கும் டி.என்.ஏ. உண்டு என்பதைத் திட்டமிட்டவர்கள் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இனி, கழிவு விஷயத்தில் மறந்துபோன இடங்கள். மேட்டுப்பாளையம் அருகே சிறுமுகையில் பவானிக் கரையில் விஸ்கோஸ் ஆலை ஒன்று இருந்தது. நீலகிரியின் யூக்கலிப்டஸ், சீகை மரங்களைக் கூழாக்கி, செல்லுலோஸைப் பிரித்து, ரசாயனத்தில் கரைத்து, திரும்ப ரேயான் இழையாக இழுத்தது. மரத்தில் செல்லுலோஸ் ஏறக்குறையப் பாதிதான். மிச்சத்தில் ஒரு பெரிய பங்கு லிக்னின். மரத்தை விறைப்பாக நிறுத்தும், எளிதில் மக்காத, வரிசையே இல்லாமல் முப்பரிமாணத்தில் பின்னிய பாலிமர். அதைக் கரைத்தெடுக்க ரசாயனம், நூலாக்க நச்சுத்தன்மையுள்ள கார்பன் டைசல்பைடு. 1990-களில் ஆற்று மாசுக்காக மக்களின் எதிர்ப்பையும் வழக்கையும் சந்தித்த அந்த ஆலை பின்னர் மூடிவிட்டது. வேலை போன குடும்பங்களின் துயரமும் உண்மை, ஆறு கெட்டதும் உண்மை. இன்று சிறுமுகை என்றால் மென்பட்டுப் புடவைகள் நினைவுக்கு வருகின்றன.

செய்முறையின் இன்னொரு விலையை வீட்டிலேயே பார்க்கலாம். விஸ்கோஸாக்கும்போது சங்கிலி வெட்டுப்படுகிறது. பத்தாயிரம் நீளமிருந்த இடத்தில் சில நூறு. பருத்தி நனைந்தால் பலம் கூடுகிறது, ரேயான் நனைந்தால் பலம் இழக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரேயான் குர்த்தியை முறுக்கிப் பிழியாதே என்று அம்மாக்கள் சொல்வதற்குப் பின்னால் சங்கிலியின் நீளமும் இருக்கிறது.

கரூர் காகிதபுரத்தில் 1984-ல் உற்பத்தியைத் தொடங்கிய டி.என்.பி.எல். காகித ஆலை மரத்துக்குப் பதில் கரும்புச் சக்கையை முதன்மையாக எடுத்தது நல்ல முடிவு. சர்க்கரை ஆலைகள் எரித்துவந்த சக்கை காகிதமாகிறது. பிரிந்த லிக்னின் கறுப்புநீரோடு கொதிகலனில் எரிந்து ஆவி தருகிறது. கழிவுக்கும் ஒரு வேலை கொடுத்த ஏற்பாடு. பொள்ளாச்சியில் தென்னைநார் உப்புநீரிலும் எளிதில் மக்காததற்கு லிக்னின்தான் காரணம். அதே லிக்னினால் நார்த்தூளும் மக்காமல் மலையாகக் குவிந்தது. சிப்பிக் காளானின் பூஞ்சை லிக்னினை உடைக்கும் என்பதைப் பயன்படுத்தி, வேளாண் பல்கலைக்கழகம் அதை உரமாக்கும் முறையைப் பரப்பியது. பிறகு கழுவிக் கட்டியாக்கி ஏற்றுமதி செய்யும் தொழில் வளர்ந்தது. கழுவிய பழுப்பு நீர் கிணற்றில் இறங்குகிறது என்ற புகாரும் கூடவே வளர்ந்தது. பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிகளின் இறகு ஏறக்குறைய முழுக்க கெராட்டின். கந்தகப் பாலங்கள் பிணைத்த புரதம். அழுத்தச் சூட்டில் வேகவைத்தால் தீவனத்துக்கு ஆகும், வெறுமனே குழியில் கொட்டினால் நாறும்.

ஆக, செரிசின், லிக்னின், கெராட்டின், திப்பியில் தங்கிய ஸ்டார்ச் எல்லாமே ஒரு கணக்கில் கழிவு, இன்னொரு கணக்கில் சரக்கு. கோவையில் 1956 முதல் இயங்கும் ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா இருக்கிறது, மருத்துவத் துணிக்கென்று அதில் தனி மையமும் இருக்கிறது; வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது; எண்ணற்ற பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இறுதியாண்டு மாணவர்கள் எங்கோ வாங்கிய வேதிப்பொருளை வைத்துச் செய்யும் ஆய்வில் ஒரு பகுதியையாவது இந்தக் கழிவுகளில் செய்யலாம்.

வாசகர்களுக்கும் ஒன்று. 2019 ஜனவரி 1-ல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் தடை வந்தபின், ‘மக்கும் பை’ என்று அச்சடித்த பைகள் கடைகளுக்கு வந்திருக்கின்றன. அவற்றில் பல, ஸ்டார்ச்சையும் செயற்கைப் பாலியஸ்டரையும் கலந்தவை. சுமார் 58 டிகிரி சூட்டில் ஆலை முறையில் உரமாக்கினால் மக்கும். சிங்காநல்லூர்க் குளத்தில் கிடந்தால் அவ்வளவு சீக்கிரம் மக்காது. பச்சை நிறத்தில் இலை படம் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். எங்கே மக்கும், எத்தனை நாளில் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் மஞ்சப்பையை எடுத்துப் போங்கள். அது பருத்தி, எந்த மண்ணில் போட்டாலும் உண்ண ஆளிருக்கிறது.